சொந்த ஆட்டம் எழுத எந்த எஞ்சின்: அபோகலிப்ஸ் வேர்ல்டா, பிளேட்ஸ் இன் த டார்க்கா?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் டேபிள்டாப் ரோல்-ப்ளேயிங் கேம் ஆடிப் பழகியவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் நாமே ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றும். எங்கள் குழுவுக்கும் தோன்றியது. எங்கள் ஆட்டத்தின் கதை இது: வட மாவட்டத்துத் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒன்று பங்குனியில் கிளம்பி ஆடி வரை ஊர் ஊராகப் போய் ஆடுகிறது. விளையாடுகிறவர்கள் அந்த ஜமாவின் ஆட்கள். ஒருவர் ஜமாவை நடத்தும் வாத்தியார், ஒருவர் கோமாளியாக வரும் கட்டியக்காரன், ஒருவர் பெண்வேடம் கட்டுபவர், ஒருவர் முகவீணை என்ற ஊதுகருவியை வாசிக்கும் முகவீணைக்காரர். விடிய விடியக் கூத்து, விடிந்தால் அடுத்த ஊர். அச்சாரம் கொடுத்த ஊர்ப் பெரியவர் மீதிப் பணத்தைக் கண்ணில் காட்டுவாரா என்பதே பாதிக் கதை.

களம் முடிவானதும், ஏற்கனவே உள்ள எந்த ஆட்டத்தின் விதிமுறை மேல், அதாவது எந்த எஞ்சின் மேல், இதைக் கட்டுவது என்ற கேள்வி வந்தது. கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஒன்று; ஜான் ஹார்ப்பர் எழுதி 2017-இல் புத்தகமாக வந்த பிளேட்ஸ் இன் த டார்க் இன்னொன்று. முதலாவதன் வழி வந்த ஆட்டங்களுக்குப் 'பவர்ட் பை த அபோகலிப்ஸ்' என்றும், இரண்டாவதன் வழி வந்தவற்றுக்கு 'ஃபோர்ஜ்ட் இன் த டார்க்' என்றும் பெயர். பிளேட்ஸே அபோகலிப்ஸிடமிருந்து நிறைய வாங்கிக்கொண்ட ஆட்டம்தான், ஆகவே இது பங்காளிகளுக்குள் நடக்கும் போட்டி. நாங்கள் எடுத்தது அபோகலிப்ஸ். அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கும், மறைக்கப் போவதில்லை.

இந்த வகையில் மிகப் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஏன் போட்டியிலேயே இல்லை என்று சிலர் கேட்பார்கள். அதன் விதிகளில் பெரும்பகுதி சண்டைக்கும் மந்திரத்துக்கும் எழுதப்பட்டது. எங்கள் ஜமாவில் இருக்கும் ஒரே வாள் மரவாள். உரிமச் சிக்கலும் இப்போது இல்லை. 2023 ஜனவரியில் அதன் விதிகளைப் பிறர் எடுத்தாள விடும் பழைய திறந்த உரிமத்தைப் பதிப்பாளர்கள் மாற்றப் போகிறார்கள் என்று பெரிய சண்டை மூண்டு, அதே மாதக் கடைசியில் அடிப்படை விதித்தொகுப்பை, பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். எடுத்துக்கொள்ளலாம்தான், எங்கள் கதைக்கு உதவாது, அவ்வளவுதான். அதே ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கத்தில் முடிகிற ஆட்டம். ஒரு சாயங்காலத்துக்கு அருமையாக இருக்கும். ஒரு சீசன் முழுக்க இழுத்தால் தாங்காது.

சரி, டைஸுக்கு வருவோம். அபோகலிப்ஸில் ஆறுமுக டைஸ் இரண்டை உருட்டி, கூட்டி, அதோடு பாத்திரத்தின் குணாம்சம் ஒன்றுக்கு உள்ள எண்ணைச் சேர்க்க வேண்டும். 10 அல்லது மேலே வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், கூடவே ஒரு வில்லங்கம் வரும். 6-க்குள் விழுந்தால் ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் கை ஓங்கும். பிளேட்ஸில் திறமைக்கு ஏற்ப டைஸ் எடுத்து உருட்டி, அதில் பெரிய எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். 6 முழு வெற்றி, 4-5 வில்லங்கத்தோடு வெற்றி, 3-க்குள் தோல்வி. குணாம்சம் பூஜ்யமாக இருக்கும் அபோகலிப்ஸ் ஆளுக்கு அந்த நடுவிளைவு வர 36-இல் 15 வாய்ப்பு. பிளேட்ஸில் இரண்டு டைஸ் உருட்டுகிறவருக்கு 36-இல் 16. கிட்டத்தட்ட ஒன்றுதான். டைஸை வைத்து முடிவெடுக்க இதில் எதுவும் இல்லை.

முதல் பார்வைக்கு எங்கள் கதை பிளேட்ஸுக்கே தைத்த சட்டை மாதிரி இருந்தது. அது திருட்டுக் கும்பல் ஒன்றின் கதை. அந்தக் கும்பலுக்கென்று, அதன் விவரங்களை எழுதத் தனித்தாள் உண்டு. அதை ஜமாவின் தாள் ஆக்கிவிடலாம். ஒரு திருட்டுக்குப் பதில் ஓர் இரவுக் கூத்து. திருட்டுக்கும் திருட்டுக்கும் நடுவில் வரும் ஓய்வுக்காலம் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வரும் பகல் பொழுது. போலீஸ் கெடுபிடியைக் கணக்கிடும் 'ஹீட்' இருக்கிற இடத்தில் ஊர்ப்பேச்சை வைத்துக்கொள்ளலாம். ஃப்ளாஷ்பேக் விதியோ பிரமாதம்: ஆபத்து வந்த பிறகு, 'இதற்குத்தான் நேற்றே பூசாரியிடம் பேசி வைத்திருந்தேன்' என்று பின்னோக்கிப் போகலாம். முதல் வரைவை அதில்தான் எழுதினோம். எழுதவும் சுலபம். உருட்டுவதற்கென்று அதில் உள்ள பன்னிரண்டு செயல்களுக்குப் பெயர் மாற்றினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தீர்மானித்த விஷயம் அதற்குப் பிறகு வந்தது, அது பழுதுபார்ப்பு. சொந்த ஆட்டம் எழுதுகிறவருக்கு எழுதும் நேரத்தைவிடத் திருத்தும் நேரம்தான் அதிகம். ஒவ்வொரு ப்ளேடெஸ்டுக்குப் பிறகும், அதாவது ஆடிச் சோதித்த பிறகும், ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஒன்றை மாற்றினால் கூடவே எத்தனை மாறுகிறது? என்னைக் கேட்டால், எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விமர்சனங்களில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் விமர்சனம் எழுதுகிறவர் முடிந்த ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்.

பிளேட்ஸ் வரைவில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு முழுக்க ஆடினால் உடம்பு தளர வேண்டும் என்பதற்காக, விடிந்ததும் எல்லோரும் தங்கள் தாளில் ஸ்ட்ரெஸ் என்ற மன அழுத்தக் கட்டங்களில் இரண்டை நிரப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். மொத்தம் ஒன்பது கட்டங்கள்தான். ஆனால் அந்த ஸ்ட்ரெஸ் வெறும் களைப்புக் கணக்கு மட்டும் கிடையாது. கூடுதலாக ஒரு டைஸ் வேண்டுமா, இரண்டு ஸ்ட்ரெஸ் கொடு. கூட்டாளிக்குக் கை கொடுக்க ஒன்று. ஃப்ளாஷ்பேக்குக்கு நிலவரத்தைப் பொறுத்து. வரும் கேட்டைத் தடுக்க, ஆறிலிருந்து உருட்டிய பெரிய எண்ணைக் கழித்த அளவு. ஆக, ஆட்டத்தின் நாணயமே அதுதான். அதில் இரண்டைப் பிடுங்கியதும் விளையாடுகிறவர்கள் கூடுதல் டைஸ் எடுப்பதை நிறுத்தினார்கள். தோல்விகள் கூடின, தடுக்க வேண்டிய கேடுகளும் கூடின, கட்டம் சீக்கிரம் நிரம்பி ஆளாளுக்கு 'ட்ராமா' என்ற ஆறாத மனக்காயம் விழ ஆரம்பித்தது. அது நாலு சேர்ந்தால் பாத்திரம் ஆட்டத்தை விட்டே போக வேண்டும்.

சரிக்கட்டப் போனால் அடுத்தது இடித்தது. ஓய்வுக்காலத்தில் ஆளுக்கு இரண்டு வேலை இலவசம். இரண்டையும் களைப்பு தீர்க்கவே செலவழித்தார்கள். பகல் பொழுதில் புது அடவு பழகுவதற்கோ, பிரிந்து போன அண்ணனைத் தேடிப் போவதற்கோ நேரமில்லை. மூன்றாவது வேலையையும் இலவசமாக்கினோம். அதுவரை கூடுதல் வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது காசுக்கு மதிப்புப் போனது. காசுக்கு மதிப்பில்லாத ஆட்டத்தில், ஊர்ப் பெரியவர் மீதிப் பணம் தராவிட்டால் யாருக்கு என்ன? பிளேட்ஸ் ஒரு கூட்டுக்குடும்பம். ஒருவர் படுக்கிற இடம் மாறினால் நாலு பேர் பாயைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆட்டம் அவ்வளவு இறுக்கமாக ஓடுவதற்குக் காரணமே ஒவ்வொரு பாகமும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். அதை வாங்கி விளையாடுகிறவருக்கு அது வரம், அதை உடைத்துத் தன் கதைக்கு ஏற்றுகிறவருக்குத்தான் சுமை.

அபோகலிப்ஸில் கட்டுமானமே வேறு. 'மூவ்' என்பது ஒரு சிறு பத்தி: இன்னது நடக்கும்போது உருட்டு, இவ்வளவு வந்தால் இது. எங்கள் கட்டியக்காரனுக்கு இப்படி ஒன்று இருந்தது:

'கூத்துக் களரியில் நின்று ஊர்க்காரர் ஒருவரைக் கேலி செய்யும்போது, வாயைச் சேர்த்து உருட்டு. 10 அல்லது மேலே: கூட்டம் சிரிக்கிறது, அவரும் சிரித்தே ஆக வேண்டும். 7–9: கூட்டம் சிரிக்கிறது, அவர் சிரிக்கவில்லை, ஜமாவின் கூலியில் ஒரு பங்கு போகும்.'

'வாய்' என்பது நாங்கள் வைத்த குணாம்சம். 6-க்குள் விழுந்தால் என்ன என்று எழுதவே இல்லை. அது கேம் மாஸ்டர் கையில். ஆட்டத்தில் என்ன ஆனதென்றால், ஒருமுறை 8 விழுந்து எல்லோருடைய கூலியும் குறைந்ததும், மற்றவர்கள் கட்டியக்காரனை வாயை மூடச் சொன்னார்கள். 'அண்ணே, உன் வாயால நம்ம சோத்துல மண்ணு' என்று முகவீணைக்காரர் சொல்ல, கூத்தில் கட்டியக்காரன் பேசாமல் நின்றான். அப்படியொரு கூத்து உலகத்தில் இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு, 'விடிந்ததும் அவர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்பார்' என்று எழுதினோம். அபராதம் ஜமாவை விட்டு கட்டியக்காரன் தலைக்கு வந்தது. கேலி திரும்பி வந்தது. கூடவே, கேலிக்கு ஆளானவர் என்ன கேட்பார் என்ற ஆவலில் அடுத்த நாள் காட்சியும் தானாகக் கிடைத்தது. மறுபடி அச்செடுத்தது கட்டியக்காரன் தாள் ஒன்றைத்தான். வாத்தியார், முகவீணை, கூலிக் கணக்கு எதையும் தொடவில்லை.

இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. அபோகலிப்ஸ் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஆட்டம் என்று வின்சென்ட் பேக்கரே விளக்கியிருக்கிறார். வெளி அடுக்கில் உள்ள விதி மறந்துபோனால் ஆட்டம் உள் அடுக்குக்கு இறங்கி ஓடும். அடிப்படை மூவ்களும் மறந்துபோனால் வெறும் பேச்சாகவே ஓடும். மறதிக்குத் தாங்குகிற கட்டுமானம் திருத்தத்துக்கும் தாங்குகிறது.

இதற்கு விலை உண்டு. எழுத வேண்டியது கூடுதல். பிளேட்ஸில் யார் எதைச் செய்தாலும், நிலைமை எவ்வளவு ஆபத்து, பலன் எவ்வளவு என்று கேம் மாஸ்டர் இரண்டு வார்த்தை சொன்னால் உருட்டிவிடலாம். நீங்கள் முன்கூட்டி யோசிக்காத செயலையும் அது சமாளிக்கும். அபோகலிப்ஸில் மூவ் ஒவ்வொன்றையும் நீங்களே யோசித்து எழுத வேண்டும், சொதப்பலாக எழுதிய மூவ் சொதப்பலாகவே ஆடும். 7–9-க்கு என்ன என்பதில் மண்டை காயும். அதைக் 'கொஞ்சம் நடக்கும்' என்று மழுப்பி எழுதியிருந்தால் அந்த மூவை அடித்துவிடலாம். அது யாருக்கும் பயன்படப் போவதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கும் அபோகலிப்ஸே சுலபம் என்று எனக்குப் படுகிறது. ஒரு தாளைக் கையில் கொடுத்தால் தான் என்ன செய்யலாம் என்பது அதிலேயே இருக்கும். பிளேட்ஸில் ஒவ்வொரு உருட்டலுக்கு முன்பும் ஆபத்தையும் பலனையும் பேரம் பேச வேண்டும். பழகியவர்களுக்கு அது ருசி, புதியவர்கள் கேம் மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மேஜையில் பார்த்தது இது, வேறு மேஜையில் மாறலாம்.

நீண்ட ஓட்டத்தைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் கதை ஒரே சீசனில் முடிகிறது. ஜமா வருடக்கணக்கில் வளர வேண்டும், புது ஆள் சேர வேண்டும், பழைய ஆள் பிரிந்து போட்டி ஜமா தொடங்க வேண்டும் என்றால், பிளேட்ஸின் கும்பல் தாள் அந்த வளர்ச்சியை இயல்பாகவே தாங்கும் என்று நினைக்கிறேன். நான் அவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்ததில்லை. திருத்த நினைக்காமல், பெயரும் களமும் மட்டும் மாற்றி அப்படியே ஓட்ட விரும்புகிறவர்களுக்கும் பிளேட்ஸையே சொல்வேன்.

உரிமத்தில் பெரிய வித்தியாசமில்லை. பிளேட்ஸின் விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸில் இருக்கிறது. பெயர் குறிப்பிட்டால் அதன் வாசகங்களையே எடுத்தாளலாம், விற்கலாம். பேக்கர்கள், எங்கள் ஆட்டத்தின் தூண்டுதலில் நீங்கள் ஒன்று எழுதினால் தாராளமாக வெளியிடுங்கள், எங்கள் வாசகத்தை எடுத்தால் மட்டும் அனுமதி கேளுங்கள் என்கிறார்கள். தமிழில் சொந்தமாக எழுதுகிற எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளேட்ஸ் வரைவிலிருந்து ஒன்றை மட்டும் விடாமல் கொண்டுவந்தோம்: க்ளாக். ஒரு வட்டத்தை நாலு, ஆறு, எட்டு என்று துண்டு போட்டு, பிரச்சினை முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குவது. 2010 அபோகலிப்ஸிலேயே க்ளாக் உண்டு, ஆனாலும் ஆட்டத்தின் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கும் பழக்கம் எங்களுக்கு பிளேட்ஸ் ஆடித்தான் வந்தது. 'விடிய இன்னும் எவ்வளவு' என்று ஆறு துண்டு வட்டம் ஒன்று மேஜை நடுவில் கிடக்கும். மற்ற எதையும் அது தொடுவதில்லை, எனவே எப்போது வேண்டுமானாலும் துண்டைக் கூட்டலாம், குறைக்கலாம். இப்போதைக்கு எட்டாக்கிப் பார்க்கிறோம், ஆறில் முகவீணைக்காரருக்கு முறை வருவதற்குள் விடிந்துவிடுகிறது.