அலுமினியக் கைத்தடி: ரப்பர் புஷ்ஷைப் பார்த்து வாங்குங்கள்

மெடிக்கல் கடைகளில் ஒற்றைக்கால், நாலுகால், மடக்கு என்று மூன்று வகைக் கைத்தடி கிடைக்கிறது. டெல்டா ஊர்களில் தினமும் வெளியே நடக்கும் பெரியவர்களுக்கு ஒற்றைக்கால் தடிதான் எங்கள் சிபாரிசு. சில நூறு ரூபாய்தான் விலை. நடையை விட்டவர்களைச் சோம்பல் என்கிறோம். பல பேருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம். ஒருமுறை கால் வழுக்கினால் போதும், அப்புறம் திண்ணையைத் தாண்ட மாட்டார்கள். தடி பிடிக்கக் கூச்சப்பட்டுக் குடையை ஊன்றி நடப்பவர்களும் உண்டு. குடையின் நுனி சிமெண்டில் வழுக்கும், உயரமும் சேராது.

நாலுகால் தடி கடையின் டைல்ஸ் தரையில் அசையாமல் நிற்கும். வாய்க்கால் கரையிலும் பேவர் பிளாக் எழும்பிய தெருவிலும் நாலு காலும் ஒன்றாகத் தரையைத் தொடாது, ஆடும். வீட்டுக்குள் நடக்க அது சரி. மடக்குத்தடி பஸ் பயணத்துக்கு வசதி. உள்ளே எலாஸ்டிக் தளர்ந்ததும் மூட்டுக்கு மூட்டு ஆடும்.

உயரத்தைக் கடையிலேயே சரிபாருங்கள். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு ரேகை அளவுக்குக் கைப்பிடி வரவேண்டும். ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும். உயரத்தை மாற்றும் பொத்தான் துளையில் முழுசாக வெளியே வந்த பிறகு குழாயில் உள்ள வளையத்தைத் திருகி இறுக்குங்கள். இல்லாவிட்டால் அடிக்கு அடி கடகடக்கும். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படியேற நல்ல கால் முதலில், இறங்கத் தடியும் வலிக்கிற காலும் முதலில்.

தடியோடு வரும் ரப்பர் புஷ், அதாவது அடி நுனியில் மாட்டிய ரப்பர் மூடிதான் இதில் பெரிய குறை. கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், அடியில் இரும்பு வாஷர் தட்டுப்பட வேண்டும். அது இல்லாத புஷ்ஷைக் குழாயின் விளிம்பு வட்டமாக அறுத்துக்கொண்டே வந்து ஒருநாள் ஓட்டை போட்டுவிடும். பிறகு ஈரச் சிமெண்டில் வெறும் அலுமினியம் சர்ரென்று இழுத்துக்கொண்டு போகும். அடிவரிகள் தேய்ந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் அந்த வரிகளை அடைத்துப் புது ரப்பரையும் மொட்டையாக்கிவிடும். வீடு திரும்பியதும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். குழாயின் பருமன் தடிக்குத் தடி மாறுவதால், உதிரி வாங்கப் பழைய புஷ்ஷையே கையில் கொண்டுபோங்கள்.

திருவாரூர் கமலாலயக் குளம் ஐந்து வேலி, அதாவது சுமார் 33 ஏக்கர். நாலு கரையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டர் தாண்டும். தடியோடு புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் ஒரு கரை மட்டும் போய்த் திரும்பட்டும், வழியில் உட்கார இடம் பார்த்து வையுங்கள். பாசி படிந்த படித்துறையில் எந்தத் தடியும் காப்பாற்றாது. தை அறுவடையில் ரோட்டில் நெல் காயும்போதும் அதே கதைதான்: ரப்பருக்கு அடியில் மணி உருளும். நெல் அள்ளும் வரை வேறு தெருவில் நடக்கச் சொல்லுங்கள்.