வேலூர்ப் பக்கம் சைக்கிள் டயர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பாலிஷ் போட்ட பழைய ஸ்டாக்

வேலூரில் ஒரு கடையில் 'இம்போர்ட் டயர்' என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதில் ஒரு பகுதி வருஷக்கணக்கில் வெயிலில் தொங்கிக் காய்ந்த பழைய சரக்கு. மேலே டயர் பாலிஷைத் தடவி, கடைக்காரரே வண்டியில் மாட்டியும் கொடுத்துவிடுகிறார். கடைப் பெயரையோ தெருவையோ எழுதப் போவதில்லை. இதே வேலையை வேறு ஊரில் வேறு கடையும் செய்யலாம், எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று கிளம்புகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். ஸ்கூல், மார்க்கெட் என்று ஓட்டுகிறவர்களுக்கு அந்த டயர் ஆறு மாசம்கூட ஓடிவிடும். அந்தத் தைரியத்தில்தான் வியாபாரமே நடக்கிறது.

ஜவ்வாது மலையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்று நானும் மச்சானும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். வேலூரில் கிளம்பி கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை. அங்கிருந்து செங்கம், சிங்காரப்பேட்டை. பிறகு திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா என்று வீடு வந்து சேருவது. 250 கிலோமீட்டர் முன்னப்பின்ன வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் சிங்காரப்பேட்டைப் பக்கத்தை விட்டால், மற்றதெல்லாம் 1989-க்கு முன்னால் ஒரே வட ஆற்காடு மாவட்டம். இப்போது அதே ரோட்டில் எத்தனை மாவட்டப் பலகை பார்க்க வேண்டியிருக்கிறது!

இந்தப் பாதையில் டயருக்கு எதிரி இரண்டு பேர். ஊர்ப்புற ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள். வாணியம்பாடியில் ஹைவே ஏறியதும் லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள். அந்த ரேடியல் டயருக்குள் இருக்கிற மெல்லிய எஃகுக் கம்பி, நாம் ஓட்டுகிற ஓரத்திலேயே கொட்டிக் கிடக்கும். முள் குத்தினால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். கம்பி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும். ட்யூபை மாற்றிய பிறகும் துண்டுக் கம்பி டயருக்குள்ளேயே இருந்துகொண்டு புது ட்யூபையும் ஓட்டை போடும். அதனால் முள்ளும் கம்பியும் இறங்காமல் தடுக்க உள்ளே ஒரு பட்டை, அதாவது பஞ்சர் லேயர், வைத்த டயராக வாங்கலாம் என்று போனோம்.

சைஸைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். '28 சைஸ்' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் டயரில் 40-635 என்று இருக்கும். கியர் வண்டிக்கு வருகிற 700x28 டயரில் 28-622 என்று இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் மாறினால் டயர் உட்காரவே உட்காராது.

எண்ணைச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இம்போர்ட் சார். பெங்களூர்ல இதே ஏழாயிரம். உங்களுக்குன்னா ஜோடி 5,200."

பெட்டியைத் திறக்கக் கை வைத்தேன். "வண்டிய வுட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் வந்தா மாட்டி ரெடியா இருக்கும். மாட்டற கூலி ஒண்ணும் வேணாம்" என்றார். இந்த இலவசக் கூலியில்தான் சூட்சுமம். ரிம்மில் ஏற்றிக் காற்றடித்துவிட்டால் டயரின் உள்பக்கத்தை நாம் பார்க்க முடியாது, பக்கச்சுவரை, அதாவது ரோட்டில் படாத பக்கவாட்டுப் பகுதியை, மடித்துப் பார்க்கவும் முடியாது.

சாயங்காலம் போனபோது இரண்டு டயரும் கன்னங்கரேல் என்று மின்னின. டயரை வார்க்கிற அச்சிலிருந்து வரும் அந்தச் சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட நிமிர்ந்து நின்றன. பெட்டி எங்கே என்றால், "குப்பைக்குப் போயிடுச்சு சார்." பில்லில் 'சைக்கிள் பார்ட்ஸ் 1 செட்' என்று ஒரே வரி. கம்பெனி பெயர், சைஸ் எழுதித் தரச் சொன்னதற்கு, கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டார். காட்பாடி வரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் தெரியவில்லை.

திருவண்ணாமலை வரைக்கும் நன்றாகத்தான் போனது. செங்கம் தாண்டி, வெயில் ஏறிய நேரத்தில், பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்று தூக்கிப் போட்டது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. ரப்பர் பிளந்து உள்ளே நூல் தெரிந்தது. அவசரமாகக் காற்றை இறக்கினேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அந்த இடத்தில் ட்யூப் வெளியே வந்து வெடித்திருக்கும். பின்னால் பஸ் வருகிற ரோடு அது.

பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து, கிழிசலுக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்து, காற்றைக் கம்மியாக அடித்து, உருட்டிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் செங்கத்துக்கே திரும்பினோம். (இந்த நோட்டு வைத்தியம் நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்.)

அங்கே ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கழற்றினார். திருப்பி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்து வெளிச்சத்தில் பிடித்தார். பக்கச்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு, வாய்க்கால் வறண்ட மாதிரி. அழுக்குத் துணியால் துடைத்ததும் துணியில் எண்ணெய்ப் பிசுக்காகக் கருப்பு இறங்கியது.

"இது ஓடாத டயருதான் தம்பி. ஆனா புது டயரு இல்ல" என்றார்.

பிறகு ஒரு ரப்பர் முடியை நகத்தால் வளைத்தார். பட்டென்று ஒடிந்தது. தன் கடையில் இருந்த ஒரு டயரில் அதையே செய்து காட்டினார். அந்த முடி வளைந்து நிமிர்ந்தது. கடைசியாகக் காட்டினாரே ஒன்று, அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. என் டயரின் ஒரு பக்கத்தில் வெடிப்பு அதிகம், மறுபக்கத்தில் குறைவு. "இந்தப் பக்கம் வெயில பாத்துத் தொங்கியிருக்குது." முன்சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். அதே கதை.

மச்சான் வேறு கடையில் வாங்கியிருந்ததால் அவன் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவரிடம் 622 சைஸ் கிடையாது. இரண்டு வண்டியையும் ஒரு டாடா ஏஸில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். வாடகை தனி வயிற்றெரிச்சல்.

ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை. வெயில், சூடு, காற்றில் இருக்கும் ஓசோன் மூன்றும் சேர்ந்து சும்மா தொங்குகிற டயரையே இறுக வைத்துவிடும். மடங்கியோ இழுபட்டோ இருக்கிற இடத்தில் ஓசோன் வெடிப்பு சீக்கிரம் விழும். கொக்கியில் மாட்டிய டயர் அப்படித்தான் இருக்கும். இதைத் தாங்கத்தான் ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிள் டயரின் பலம் உள்ளே இருக்கிற நைலான் நூலில் இருக்கிறது. பக்கச்சுவரில் அதை மூடியிருப்பது ரொம்ப மெல்லிசான ரப்பர். அது வெடித்தால் நூல் தேய்ந்து அறுகிறது, உள்ளே இருக்கிற காற்று அந்த இடத்தைப் புடைக்க வைக்கிறது. பஞ்சர் லேயர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெரும்பாலான டயர்களில் அந்தப் பட்டை ரோட்டில் படுகிற பகுதிக்குக் கீழே மட்டும்தான். ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் ப்ளஸ் டயரில் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டை வைத்திருக்கிறார்கள், முள்ளுக்கு அது கோட்டை. அதுவும் பக்கச்சுவருக்கு இல்லை. கான்டினென்டல் கம்பெனியின் கேட்டர்ஸ்கின் மாதிரி சில டயர்களில் பக்கவாட்டிலும் ஒரு வலை வைத்துத் தைரியம் கூட்டுகிறார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் காய்ந்துபோன ரப்பர் காய்ந்துபோனதுதான். கார் டயரில் எத்தனாவது வாரம், எந்த வருஷம் என்று நாலு இலக்கத்தில் இருக்கும். சைக்கிள் டயர் பலதில் அப்படிப் படிக்கிற மாதிரி இருக்காது. பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், மாதம், எம்ஆர்பி ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தாலோ, பெட்டியே காணாமல் போனாலோ வேறு கடை பாருங்கள்.

கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் போய், பக்கச்சுவரைச் சுற்றிலும் மடித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியாலோ டிஷ்யூவாலோ துடையுங்கள். புது டயரில் இந்தப் பிசுக்கு வராது. மாட்டும்போது கூடவே நில்லுங்கள். டயரைப் பயணத்துக்கு முந்தின நாள் மாற்ற வேண்டாம், பத்துப் பதினைந்து நாள் முன்னாடியே மாற்றி, பக்கத்து ஊர்களுக்கு நல்ல வெயிலில் ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு ஜோடி மாட்டிவிட்டவர்கள் இன்றைக்கே காற்றை இறக்கிப் பக்கச்சுவரை விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குத் திரும்பப் போனபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் "காத்து ஓவரா அடிச்சிருப்பீங்க" என்றார். டயரிலேயே போட்டிருக்கும் அளவைக் காட்டி, அதற்குக் கீழேதான் அடித்தேன் என்றதும், "முள்ளு கிழிச்சிருக்கும்" என்றார். துணியில் துடைத்துக் காட்டினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் பில்லின் அடியில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வர்த்தகம் என்று இருக்கிறது. பில்லே தராமல் விடுவதும் அதே கணக்குத்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு இழுத்தடிப்பு ஆனதற்குக் காரணம் 'சைக்கிள் பார்ட்ஸ்' என்ற அந்த ஒரு வரி. இந்த டயரை அந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று காட்ட, விலை பேசிய வாட்ஸ்அப் மெசேஜும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும் தேவைப்பட்டன.

1915-இல் புகார் பதிவான பிறகு கடைக்காரரே போன் செய்தார். வெடித்த பின்டயருக்கு மட்டும் 2,600 தருகிறாராம், முன்டயர் 'நல்லாத்தானே இருக்குது' என்கிறார். அதுவும் அதே வெயிலில் தொங்கியதுதான் என்பதால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு டயரையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்டுவதற்கு.