கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டிய நர்ஸ்

இந்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். லேபின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ரத்தம் எடுத்தார்கள், மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. விளக்கம் கேட்டால் மட்டும், "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நான் இருக்கும் நாட்டில் கொலஸ்ட்ராலை மில்லிமோலில் தருவார்கள், இங்கே மில்லிகிராமில். 5, 6 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு 210 என்றதும் பகீரென்றது. 38.7 ஆல் வகுத்தால் 5.4தான். ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடுக்கு அந்தக் கணக்கு செல்லாது, 88.6 ஆல் வகுக்க வேண்டும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கொலஸ்ட்ரால் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அப்புறம்தான் பக்கத்து அறையில் இருந்த நர்ஸிடம் போனோம்.

முதலில் அவர் அப்பாவைப் பேசவிட்டார். "நான் எண்ணெயே தொடுறதில்லையேம்மா" என்றார் அப்பா. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது என்று தொடங்கினார் அவர். கொழுப்பு ரத்தத்தில் கரையாது, அதனால் புரதம் சேர்ந்த பொட்டலங்களாகத்தான் பயணம் செய்யும். எல்டிஎல் பொட்டலம் அளவுக்கு மிஞ்சினால் ரத்தக்குழாய்ச் சுவரில் தங்கிவிடும். எச்டிஎல் மிச்சத்தைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

பிறகு பேனாவைக் கையில் கொடுத்து அப்பாவையே கணக்குப் போட வைத்தார். மொத்தம் 210. அதில் எச்டிஎல் 45, டிரைகிளிசரைடு 180இல் ஐந்தில் ஒரு பங்கு 36, இரண்டையும் கழித்தால் 129. ரிப்போர்ட்டிலும் எல்டிஎல் அதே 129! பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, இப்படித்தான் கணக்கிடுகின்றன. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது என்றும் சொன்னார். கணக்கென்றால் அப்பாவுக்கு உயிர், முகமே மலர்ந்துவிட்டது.

லேபின் வரம்பு 130 என்பதால் அந்த 129க்குப் பக்கத்தில் அம்புக்குறி இல்லை. ஆனால் அப்பா இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். அவருக்கு எல்டிஎல் குறைந்தது 70க்குக் கீழாவது வர வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 55க்குக் கீழ் என்கிறது. அச்சடித்த வரம்பு எல்லோருக்கும் பொது, இலக்கு ஆளுக்கு ஆள் மாறும். இதைச் சொல்லத்தான் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

கடைசியில், "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். அப்பா சொல்லிக்கொண்டே வந்தவர், "போன தடவை நார்மல்னு வந்துச்சு, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். எனக்கே அது புதுச் செய்தி. அப்பாவின் மாத்திரையான ஸ்டாட்டின் கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும், ரத்தத்திலிருந்து அதிக எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளவும் வைக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைதான். நார்மல் வந்ததே மாத்திரையால்தான் என்று அவர் சொன்னபோது அப்பா பேசவில்லை.

நர்ஸ் எழுந்து போய் டாக்டரிடம் சொன்னார். கூட்டி எழுதிய அளவை அடித்துவிட்டு, பழைய அளவையே ஒழுங்காகச் சாப்பிட்டு எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர்.

அந்த அறைக்கு வெளியே ஒரு போர்டுகூடக் கிடையாது. நாமாகக் கேட்டால்தான் அனுப்புகிறார்கள், கேட்டுவிடுங்கள்.