வாயு உலையா, நீர் உலையா?

அணு உலையின் சூட்டை எதைக் கொண்டு வெளியே எடுப்பது? பிரிட்டன் கரியமில வாயுவைத் தேர்ந்தெடுத்தது, அமெரிக்கா நீரை. 1956இல் பிரிட்டனின் கால்டர் ஹால் அணுமின் நிலையம் திறந்தபோது வாயு வழியின் கவர்ச்சி, செறிவூட்டாத, அதாவது இயற்கையில் கிடைக்கும் யுரேனியமே போதும் என்பதுதான். ராணுவத்துக்குப் புளூட்டோனியமும் கிடைத்தது, அதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த தலைமுறை வாயு உலையான ஏ.ஜி.ஆர். (மேம்பட்ட வாயுக் குளிர்விப்பு உலை) வகைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தேவைப்பட்டது. பதிலுக்கு வாயு 640 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. வெப்பத்தில் சுமார் 41 சதவீதம் மின்சாரமானது. நீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைக்கும் அழுத்த நீர் உலையில் நீர் 320 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், திறன் 33 சதவீதம் போல.

இதோடு நிறுத்தினால் வாயுவுக்கே வெற்றி. ஆனால் அணுமின்சாரத்தில் எரிபொருள் செலவு சிறு பங்குதான். கட்டும் செலவும் அதன் வட்டியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. நீர் உலையின் மையம், அதாவது எரிபொருள் இருக்கும் பகுதி, கன மீட்டருக்குச் சுமார் 100 மெகாவாட் வெப்பம் தரும், ஏ.ஜி.ஆர். வெறும் 3 போல. அதனால் எல்லாமே பிரம்மாண்டம்: மையத்தையும் கொதிகலன்களையும் சேர்த்து அடைக்கும் கான்கிரீட் கலம், அதையும் அந்த இடத்திலேயே வார்க்க வேண்டும். பிரிட்டனின் டஞ்சனஸ் பி ஏ.ஜி.ஆர். நிலையத்தில் வேலை தொடங்கியது 1965இல், மின்சாரம் வந்தது 1983இல்! போதாக்குறைக்குப் பல நிறுவனக் கூட்டமைப்புகள் ஆளுக்கொரு வடிவமைப்பில் கட்டியதால், ஓரிடத்துப் பாடம் இன்னோரிடத்தில் முழுதாக உதவவில்லை. கடைசியில் பிரிட்டனே சைஸ்வெல் பி நிலையத்தில் நீருக்கு மாறியது.

சரி, ஹீலியம்? கரியமில வாயு, உலை மையத்தில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க வைத்திருக்கும் கிராஃபைட்டை (ஒருவகைக் கரி) கதிர்வீச்சில் மெல்ல அரிக்கும். ஹீலியம் எதோடும் வினைபுரியாது. ஆனாலும் அமெரிக்காவின் ஃபோர்ட் செயின்ட் விரெய்ன் உலையில், வாயுவைச் சுழற்றும் கருவிகளின் பேரிங்குகளுக்கு விட்ட நீர் உள்ளே கசிந்து கசிந்தே மானத்தை வாங்கியது. 1989இல் மூடினார்கள்.

சீனாவின் ஷிடாவ் விரிகுடா உலை 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது; ஹீலியம் 750 டிகிரியில் வெளிவருகிறது. அதே ஆண்டு நடந்த சோதனையில் மின்விநியோகத்தைத் துண்டித்தும் உலை தானாகவே குளிர்ந்தது. செலவில் காலை வாரிய அந்தக் குறைந்த வெப்ப அடர்த்திதான் (கன மீட்டருக்குக் குறைவான வெப்பம்) இங்கே காப்பாற்றுகிறது. ஆனால் இரண்டு உலைகள் சேர்ந்தே 210 மெகாவாட்தான். ஒற்றை நீர் உலை 1000 தாண்டும்.

மின்சாரம் மட்டுமே விற்பதென்றால் நான் நீர் உலைக்கே பணம் போடுவேன். 500 டிகிரிக்கு மேல் நீராவி கேட்கும் ரசாயன ஆலைக்கு என்றால் கதை வேறு, அங்கே நீர் உலை போட்டிக்கே வர முடியாது.