ஏற்காட்டுக் கல்வீடும் சுண்ணாம்புப் பூச்சும்: சில மழைக்காலங்களுக்குப் பின்

சேர்வராயன் மலையில் பழைய வீடு வாங்குகிறவர்கள் உட்சுவரில் சிமென்ட் பூச்சு இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவர் 18 அங்குலக் கருங்கல். மேலே மங்களூர் ஓடு. கடைக்காலில் ஈரத்தடுப்பு கிடையாது. கல் நீரை உறிஞ்சாவிட்டாலும் இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்து உறிஞ்சும். முன்பு இருந்தவர்கள் அதன்மேல் சிமென்ட் பூசி, குளிருக்காக வடக்குச் சுவரில் தெர்மாகோலும் பிளைவுட்டும் அடித்திருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஓதம் இடுப்பளவு ஏறியிருந்தது. பிளைவுட்டைப் பிரித்தால் பின்புறம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் பணம் செலவழிக்காதீர்கள். பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்தால் ஈரம் சுவருடையது. முன்பக்கம் முத்து முத்தாக நின்றால் அறைக் காற்றிலிருந்து படிந்தது. எங்கள் வடக்குச் சுவரில் கீழே முதல் வகை, மேலே இரண்டாவது.

பாதி நோய் வெளியில்தான் தீர்ந்தது. சரிவிலிருந்து இறங்கிய மண் வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் ஏறி நின்றது. அதை வெட்டி எடுத்து, சுவரோரம் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் அமைத்தோம். ஓட்டு விளிம்பில் தகரத் தாழ்வாரம் கட்டி, மழைநீரைத் தள்ளி விட்டோம்.

பிறகு சிமென்டை உடைத்துச் சுவரைத் திறந்தே போட்டோம். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் காய்ந்தாலும் எங்கள் சுவருக்கு ஒன்பது மாதம். அவசரப்படுத்திய கொத்தனாரை அனுப்பிவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெல்லத்தையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில், சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்துக் குழைத்தார். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான்; பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் எதுவும் தொடவில்லை.

குளிர்? நனைந்த சுவர் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். காய்ந்ததுமே அறை மாறிவிட்டது. மீதி வெப்பம் ஓட்டு வழியாகத்தான் போனது. பலகை மச்சு அடித்து அதன்மேல் தென்னைநார்ப் பாய் பரப்பி, ஓட்டுக்குக் கீழே காற்றோட இடம் விட்டோம். மார்கழி இரவுகளில் இப்போது ஒரு கம்பளி போதும்.

குறைகளும் உண்டு. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிக்க வேண்டும். வடகிழக்கு மூலையில் இன்னும் உப்புப் பூக்கிறது. அதை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்கிறேன். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். அலமாரிகள் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே நிற்கின்றன. சமையலறையில் மட்டும் பழைய சிமென்ட் மிச்சம். அதையும் வரும் மாசியில் உடைக்கிறோம்.