ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வந்த டாஸ்க் ஆப்: நீண்ட நாள் பயன்படுத்தியபின் எழுதுவது

பல வருடம் ஐபோனில் மட்டுமே இருந்த ஒரு டாஸ்க் ஆப் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும், பீட்டாவிலேயே (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) சேர்ந்து, அப்புறம் போனையும் மாற்றிக்கொண்டு, இன்றுவரை அலுவலக வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எந்த ஆப் தளம் மாறினாலும் வரக்கூடியவை என்பதால் பெயர் இங்கே முக்கியமும் இல்லை. வெளியான வாரத்தில் வரும் விமர்சனங்களில் நிறம், ஐகான், அனிமேஷன் பற்றியெல்லாம் படிக்கலாம். டாஸ்க் ஆப்புக்கு அவை இரண்டாம்பட்சம். சொன்ன நேரத்துக்கு ரிமைண்டர் அடிக்கிறதா, எழுதி வைத்தது எழுதியபடியே இருக்கிறதா, இந்த இரண்டும்தான் விஷயம். அது தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

தோற்றத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். முதல் பதிப்பு ஐபோன் திரையை அப்படியே தூக்கி வைத்ததுபோல் இருந்தது. ஐபோனில் ஒரு வேலையை இடமிருந்து வலமாகத் தள்ளினால் முடிந்ததாகக் குறிக்கும், கைக்குப் பழகிய நல்ல வசதி. ஆண்ட்ராய்டு 10-இல் (2019) ஜெஸ்ச்சர் நேவிகேஷன் (பொத்தானுக்குப் பதில் விரலைத் தள்ளி போனை இயக்குவது) வந்தபின் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினாலும் அது ‘பேக்’. அதனால் வேலையை முடிக்கத் தள்ளினால் பட்டியலை விட்டே வெளியே வந்து நிற்போம். விரலைக் கொஞ்சம் உள்ளே வைத்துத் தள்ளினால் சரியாக வேலை செய்யும், ஆனால் நடந்துகொண்டே ஒரு கையில் போனைப் பிடித்திருப்பவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைவிட மோசம், குறிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்யும் நடுவில் பேக் போனால் எழுதியது சேமிக்கப்படாமல் போய்விடும். ஐபோன் பதிப்பில் வெளியேறுவதற்கு ‘முடிந்தது’ பொத்தான் ஒன்றுதான் வழி, அங்கே சேமித்தால் போதும் என்று எழுதப்பட்ட நிரலை இங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு வந்த அப்டேட்டில் எழுத்து விழ விழச் சேமிக்கும்படி மாற்றினார்கள், தள்ளுவதற்குப் பதிலாகப் பெரிய டிக் பெட்டி ஒன்றும் வைத்தார்கள். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

ரிமைண்டர் கதைதான் பெரியது. ஐபோனில் ஆப் தன் ரிமைண்டர்களை முன்கூட்டியே போனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸிடம் ஒப்படைத்துவிடும். அதன்பின் ஆப்பை மூடினாலும், போனை அணைத்து மறுபடி போட்டாலும், ஐஓஎஸ் தானே பார்த்துக்கொள்ளும். ஒரு ஆப்புக்கு ஒரே சமயத்தில் 64 ரிமைண்டர்தான் காத்திருக்கலாம் என்ற வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் சீக்கிரம் அடிக்க வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நிறைய ரிமைண்டர் வைப்பவர்களுக்கு அது ஒரு இடைஞ்சல்தான், என்றாலும் அடுத்து வரவேண்டியது தவறாது. ஆண்ட்ராய்டில் போனை ரீஸ்டார்ட் செய்தாலே ரிமைண்டருக்காக ஆப் வைத்த அலாரங்கள் எல்லாம் அழிந்துவிடும். போன் திரும்ப எழுந்ததும் ஆப் தானாக விழித்து ஒவ்வொன்றையும் மறுபடி வைக்க வேண்டும். ஆரம்பப் பதிப்பு இதைச் செய்யவே இல்லை. இரவில் சிஸ்டம் அப்டேட் ஏறி போன் தானாக ரீஸ்டார்ட் ஆன மறுநாள் முழுக்க ஒரு சத்தமும் வராது, மாலையில் ஆப்பைத் திறந்தால் காலையிலிருந்து தவறியவை எல்லாம் சிவப்பில் வரிசையாக நிற்கும்.

அதைச் சரிசெய்தார்கள், அடுத்தது டோஸ். ஆண்ட்ராய்டு 6 (2015) முதல் இருக்கும் ஏற்பாடு இது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, கொஞ்ச நேரம் அசையாமல் போன் கிடந்தால் பின்னணி வேலைகளைத் தள்ளிவைத்து அவ்வப்போது மொத்தமாக நடக்கவிடும். பேட்டரிக்கு நல்லதுதான். ஆனால் மேசைமேல் கிடக்கும் போனில் எட்டு மணி மாத்திரைக்கு வைத்த ரிமைண்டர், யாராவது போனைக் கையில் எடுக்கும்போது அடித்தால் என்ன பயன்? டோஸிலும் நேரத்துக்கு அடிக்கும் அலாரம் வகை ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து அதற்குத் தனி அனுமதி, 13-இலிருந்து நோட்டிஃபிகேஷன் காட்டவே பயனரிடம் கேட்டாக வேண்டும். இதற்கெல்லாம் மேலே சில போன் கம்பெனிகள் தங்கள் சொந்த பேட்டரி மேலாளர் ஒன்றை வைத்திருக்கின்றன, சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே ஆப்பை மொத்தமாகக் கொன்றுவிடும், வைத்த அலாரமும் அதோடு போகும். இந்த விஷயத்தில் ஆப் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் மதிக்கும் விஷயம், அவர்கள் செட்டிங்ஸில் ‘ரிமைண்டர் சோதனை’ என்று ஒரு பக்கம் வைத்தது. எந்த அனுமதி இருக்கிறது, எது இல்லை, இந்த போனில் எங்கே போய் மாற்ற வேண்டும் என்று காட்டி, இரண்டு நிமிடம் கழித்து ஒரு சோதனை ரிமைண்டரையும் அடித்துக் காட்டும். அந்தப் பக்கம் வந்தபிறகுதான் தனியாக வைத்திருந்த கடிகார அலாரங்களை அழித்தேன்.

அடுத்து, திரும்பத் திரும்ப வரும் வேலைகள். ‘ஒவ்வொரு மாதமும் 31’ என்று ஐபோனில் வைத்தது, 31 இல்லாத மாதங்களில் கடைசி நாளுக்கு நகர்ந்து வரும். ஆண்ட்ராய்டில் அதே வேலை ஏப்ரலில் வரவே இல்லை. காலண்டர் விதிகளுக்கான பொதுத் தரமான ஆர்எஃப்சி 5545 (2009) சொல்வதும் அதுதான்: 31 என்றால் 31 உள்ள மாதங்கள் மட்டும், கடைசி நாள் வேண்டுமென்றால் அதை வேறு விதமாக எழுத வேண்டும். ஆக, புதிய பதிப்பு தரப்படி நடந்தது, பழையது பயனரின் எண்ணப்படி நடந்தது. மாதக் கடைசியில் பணம் கட்ட வேண்டியவருக்கு எண்ணம்தான் முக்கியம், அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு ஆப்பை இன்னொரு தளத்தில் புதிதாக எழுதக் கூடாது என்பது என் திடமான கருத்து. இப்போது 31-ஐத் தேர்ந்தெடுத்தால் ‘31-ஆம் தேதியா, மாதக் கடைசியா’ என்று கேட்கிறது.

சிங்க், அதாவது ஒரு கருவியில் செய்தது மற்றதிலும் தெரிவது, பெரும்பாலும் நன்றாகவே ஓடுகிறது. வீட்டில் டேப்லெட் இன்னும் ஐபேட்தான் என்பதால் இரண்டு பக்கமும் தினமும் சோதனை நடந்துகொண்டே இருக்கிறது. நெட் இல்லாதபோது ஒன்றில் தலைப்பை மாற்றி, மற்றொன்றில் டிக் அடித்தால் ஆரம்பத்தில் கடைசியாக வந்தது மட்டும் நின்றது, இப்போது இரண்டு மாற்றமும் நிற்கின்றன. ஐபோன் ஸ்டோரில் கொடுத்த காசு இங்கே செல்லாது, புதிதாகச் சந்தா கட்ட வேண்டியிருந்தது, அது கொஞ்சம் உறுத்தியது.

ஆண்ட்ராய்டுக்கு வந்ததில் மனதார மகிழ்ந்த இடம் விட்ஜெட், அதாவது ஆப்பின் ஒரு பகுதியை முகப்புத் திரையிலேயே காட்டும் சிறு பெட்டி. ஆண்ட்ராய்டில் 2009-லேயே விட்ஜெட் உண்டு, ஐபோனின் முகப்புத் திரையில் அவற்றை வைக்க 2020 வரையும், அங்கிருந்தபடியே டிக் அடிக்க 2023 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே ஆப்பைத் திறக்காமலே பாதி நாள் ஓடுகிறது. நோட்டிஃபிகேஷன் திரையை மேலிருந்து இழுத்தால் ‘புது வேலை’ என்று ஒரு டைல் (சிறு பொத்தான்), தட்டினால் ஒரே ஒரு வரி எழுதும் பெட்டி, எழுதி அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐபோன்காரர்கள் எழுதிய ஆப் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு இந்த ஊர் ஆளாகிவிட்டது.

இப்போது இதே குழு ஹுவாவேயின் ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்டுக்கும் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த அந்தத் தளம் ஆண்ட்ராய்டு ஆப்களை நேரடியாக ஓட்டாது, எல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும். வரட்டும், ஆனால் எழுதி வைத்ததையெல்லாம் வெளியே எடுத்துக்கொள்ளும் எக்ஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுவரட்டும். விண்டோஸ் போன், பிளாக்பெர்ரி 10 என்று தளங்களே மறைந்திருக்கின்றன. வுண்டர்லிஸ்ட் என்ற டாஸ்க் ஆப் ஏறக்குறைய எல்லாத் தளத்திலும் இருந்தும் 2020 மே மாதம் மூடப்பட்டது. என் ஆப்பில் எக்ஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் ஐபோனில் மட்டும். ஆண்ட்ராய்டில் இன்னும் வரவில்லை, பலமுறை கேட்டு எழுதியிருக்கிறேன்.

மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய போனை உடனே துடைத்துவிடாதீர்கள். ஒரு மாதக் கடைசி, ஒரு ரீஸ்டார்ட், மேசைமேல் சும்மா கிடக்கும் ஒரு முழு இரவு, இந்த மூன்றையும் புது போன் தாண்டட்டும். ரிமைண்டர் இரண்டிலும் ஒரே நேரத்தில் அடித்தால் பழையதைத் துடைக்கலாம்.