பெரிய என்ஜினுக்கு மினிபைக் ஃபிரேம்: கான்ரோ பக்கத்து டிரெய்லர் பட்டறை எப்படி?

ஹூஸ்டனுக்கு வடக்கே, கான்ரோ பக்கம் உள்ள ஒரு வெல்டிங் பட்டறை பற்றிய மதிப்புரை இது. டிரெய்லர் பழுது பார்ப்பதும் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் பார்பெக்யூ ஸ்மோக்கர் அடுப்பு செய்வதும்தான் அவர்களுடைய பிழைப்பு. மினிபைக் என்று பலகையில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் வேலைக்கு 5க்கு 4½ கொடுப்பேன்.

என்னிடம் இருந்தது 196 சிசி மினிபைக், அதாவது குட்டி மோட்டார் சைக்கிள். சஸ்பென்ஷன் கிடையாது, காற்று குறைவாக அடைக்கும் குண்டு டயர்கள்தான் அதிர்வைத் தாங்க வேண்டும். அதில் ஹோண்டா ஜிஎக்ஸ்390 என்ஜினை ஏற்ற நினைத்தேன். பிரஷர் வாஷரிலிருந்து கழற்றிய என்ஜின், சும்மா கிடந்தது. வண்டியில் இருந்தது போன்ற ஜிஎக்ஸ்200 வகை என்ஜின் 16 கிலோ. இது ஏறக்குறைய 31 கிலோ. டார்க் (முறுக்கு விசை) 12.4 நியூட்டன் மீட்டரிலிருந்து 26.5 ஆகிறது. எடையும் இழுவையும் இரண்டு மடங்கு, கூடவே ஒற்றை சிலிண்டரின் உதறல். 3600 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 60 உதறல்.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஃபிரேமைத் தின்பது செயினின் இழுப்பு. 420 அளவு செயின், 10 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: என்ஜின் முழு டார்க்கில் இருக்கும்போது செயினில் சுமார் 130 கிலோ இழுப்பு. டார்க் கன்வர்ட்டர் (தானாகவே கியர் விகிதம் மாற்றும் பெல்ட் அமைப்பு) போட்டால் கிளம்பும் நேரத்தில் அது இரட்டிப்புக்கும் மேல். அவ்வளவும் என்ஜின் உட்காரும் தகட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் விழுகிறது, அதனால் தகடு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும்.

பட்டறைக்காரர் அறுபது வயது தாண்டியவர். வண்டியைச் சுற்றி வந்து முதலில் பார்த்தது பின்சக்கரத்து பிரேக்கை. “இந்த பிரேக்கை வைத்துக்கொண்டா அந்த என்ஜினை ஓட்டப் போகிறீர்கள்?” என்றார். அந்தப் பட்டை பிரேக்கை மாற்றி ஹைட்ராலிக் டிஸ்க் போட்டுக் கொண்டு வந்தால்தான் ஃபிரேமில் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சல்தான். வெல்டு வைக்கக் கொடுத்தால் வைக்க வேண்டியதுதானே? ஆனாலும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

வேலைக்கு வருவோம். பழைய என்ஜின் தகட்டை முழுக்க அறுத்து எடுத்துவிட்டார். ஜிஎக்ஸ்390இன் போல்ட் துளைகள் எப்படியும் அதில் பொருந்தாது. புதிதாக ¼ அங்குலத் தகடு, செயினை இறுக்க வசதியாக நீள்துளைகளோடு. அதன் அடியில் குறுக்கே இரண்டு குழாய்கள், ஃபிரேமின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்படி. தகடு முறுக்காமல் இருப்பது இந்தக் குழாய்களால்தான். பின் அச்சு உட்காரும் இடத்திலும் பக்கத்துக்கு ஒரு தகடு கூடுதலாகச் சேர்த்தார்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான் அவருடைய கைத்திறன் தெரிந்தது. கழுத்துக்கும் மேல் குழாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் முட்டுத் தகடு. நான் அங்கேயும் ¼ அங்குலம் கேட்டேன், மறுத்துவிட்டார். ஃபிரேம் குழாயின் சுவரே 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதன்மேல் தடித்த தகட்டை ஒட்டினால் தகடு அசையாது, தகடு முடிகிற இடத்தில் குழாய் விரிசல் விடும். அதனால் 3 மில்லிமீட்டர் தகடு, நுனி மீன் வால்போல் பிளந்து குழாயின் நீளவாக்கில் மெலிந்து முடிகிறது. குழாய்க்குக் குறுக்கே எங்கேயும் வெல்டு ஓடவில்லை. நல்ல வெல்டர் ஊரெங்கும் இருக்கிறார். எங்கே வெல்டு வைக்கக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

கோணாமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட பாடும் சொல்ல வேண்டும். கழுத்துக்குள் நேரான கம்பி ஒன்றைச் செருகி, பின் அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ஜினை உட்கார வைத்துச் செயின் நேராக ஓடுகிறதா என்று பார்த்து டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் பொட்டு வெல்டு) மட்டும் அடித்தார். பிறகு என்ஜினை இறக்கிவிட்டுத்தான் முழு வெல்டு. மின்சாரம் என்ஜின் பேரிங் வழியாகப் பாய்ந்தால் பேரிங் கெட்டுவிடும். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், நடுவே ஆறவிட்டு. பொறுமைசாலி.

நண்பரின் நிலத்தில்தான் ஓட்டுகிறேன், இதைச் சாலையில் இறக்க முடியாது. முழு ஆக்சிலேட்டரில் கிளம்பினாலும் செயின் கழலவில்லை, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்தாலும் வண்டி நேராகப் போகிறது. என்ஜின் உதறலால் கை மரத்துப்போவது மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கும் ஃபிரேமுக்கும் சம்பந்தமில்லை. கழுத்து வெல்டுகளுக்கு மேல் வெளிர் சாம்பல் பிரைமர் மட்டும் அடித்துக் கொடுத்தார். விரிசல் விட்டால் அந்த இடத்தில் துருவின் கோடு பளிச்சென்று தெரியுமாம். அழகாக இல்லை, ஆனால் நான் மாற்றப் போவதில்லை.

சரி, அந்த அரை மதிப்பெண். குறுக்குக் குழாய்களில் ஒன்று என்ஜினின் ஆயில் வடிக்கும் திருகுக்கு நேர் எதிரே வந்துவிட்டது. ஸ்பேனர் நுழையவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது முனகாமல் ஒரு நீட்டிப்புக் குழாய் மாட்டிக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. என்றாலும் டேக் அடிக்கும்போதே கவனித்திருக்க வேண்டிய விஷயம். அப்புறம், தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 நெருங்கினால் ஸ்மோக்கர் வேலைதான் அவர்களுக்கு முதலில், நம் வண்டி மூலையில் காத்துக் கிடக்கும்.

கூலியும் இரும்பும் சேர்த்து 460 டாலர். மணிக்கணக்குக் கூலி என்பதால், வெல்டு வரும் இடங்களில் பவுடர் கோட்டிங் பெயிண்ட்டை வீட்டிலேயே கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிட்டுப் போங்கள். என்ஜின், கிளட்ச், பெரிய ஸ்பிராக்கெட்டோடு பின்சக்கரம், சைலன்சர், எல்லாவற்றையும் கூடவே கொண்டு போங்கள். ஆயில் திருகு எங்கே இருக்கிறது என்பதையும் கை வைத்துக் காட்டிவிடுங்கள்.